சரிப்பா

அம்மாவின் தலையைச் சீவி முடித்தபோதுதான் வலது காதில் கேட்கும் கருவி இன்னும் இருப்பதை அக்கா பார்த்தாள். அதற்குள் வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றுவிட்டது. அவசரமாகக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

தம்பி அதைப் பார்க்கக் கூடாது. அம்மா சாவதற்கு முன் போட்ட ஒரே உத்தரவு அது. "செவிடுன்னு தெரிஞ்சா அவன் யார்கிட்டடி பேசுவான்? செவுத்துக்கிட்டயா? அதுதான் அங்கயே நாலு இருக்கே."

அம்மாவின் முட்டிவலியால் சிறைக்குப் போய்ப் பார்ப்பது நின்று மூன்று வருடம். காது போனதும் அந்தச் சமயத்தில்தான். எதிரே உட்கார்ந்து கத்தினால் கருவி வழியாக ஏதோ கேட்கும். போனை ஒட்டினால் கருவி கூவும். அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே உட்காருவாள். சிறையில் பேச விடுவது பத்து நிமிடம். நொடி முள் ஆறுக்கு வந்தால் 'ம்'. பன்னிரண்டுக்கு வந்தால் 'சரிப்பா'. ஐந்தாவது நிமிடம் 'சாப்பிட்டியா?' ஒன்பதாவது நிமிடம் 'உடம்பப் பாத்துக்க.' ஒரு பிசகு கிடையாது. மருந்துக் கடையில் விடுப்பு கிடைத்த ஞாயிறுகளில் அக்கா கதவோரம் நின்று இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"அரை மணி நேரம்தாம்மா," என்றார் பெரிய காவலர். தம்பியின் ஒரு கை விலங்கை மட்டும் கழற்றிவிட்டார். சின்னவர் கதவோடு நின்றுகொண்டார்.

தம்பி கட்டிலருகே உட்கார்ந்தான். அழவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"எதப் பத்தி?"

"நாலு மாசம் முன்னாடி போன்ல சொன்னேனே."

"இல்ல."

"சொல்ல மாட்டாங்க. அழுத்தக்காரி." அவன் உதடு லேசாகக் கோணியது. "நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன்க்கா. அவன அடிச்சது நான்தான். கீழ விழுந்தப்புறமும் அடிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன்."

அக்கா சன்னலைப் பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டில் ஆறு வருட மனுக்கள் ஒரு கோப்பில் இருந்தன. எல்லாம் அவள் கையெழுத்து. 'என் தம்பி நிரபராதி' என்று எத்தனை முறை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதே வாக்கியத்தை, பேசி முடித்த கல்யாணத்தின் மாப்பிள்ளை வீட்டிலும் சொன்னாள். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

செத்தவனின் மனைவி மாதம் ஒருமுறை கடைக்கு வருவாள். நேரில் பார்த்ததாகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவள். பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் தள்ளியே விடுவாள் அக்கா.

"அம்மா என்ன சொன்னா?" குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது.

"கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் 'சரிப்பா'ன்னாங்க. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்." தம்பி கண்ணைத் துடைத்தான். "வரிசையில பின்னாடி நின்னான் எங்க செல்லுக்காரன் ஒருத்தன், கண்ணாடின்னு கூப்பிடுவோம், அவன் யாரையும் மதிக்க மாட்டான், அவனே 'உங்கம்மா தெய்வம்டா'ன்னான். அன்னிலருந்துதான்க்கா எனக்குத் தூக்கமே வருது."

அவள் விரல்கள் இறுகின. உள்ளங்கைக்குள் கருவி மெல்லிசாகக் கூவத் தொடங்கியது.

சின்னக் காவலர் நிமிர்ந்தார். தம்பியும் சுற்றுமுற்றும் பார்த்தான். "என்ன சத்தம்?"

கையை விரித்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவன் தூக்கம் அத்தோடு போய்விடும். கடையில் மேசைமேல் தள்ளிய ஒவ்வொரு அட்டைக்கும் அது சரியாகிவிடும் போலிருந்தது.

அம்மாவின் தலையில் வகிடு கொஞ்சம் கோணலாக இருந்தது.

"பக்கத்து வீட்டுக் கெட்டில்," என்றாள். கட்டைவிரல் நகத்தால் பேட்டரி மூடியை நெம்பினாள். சத்தம் நின்றது.

பெரிய காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். தம்பி எழுந்து, விலங்குக்குக் கையை அவனாகவே நீட்டினான்.

"இனிமே இதே நம்பருக்குப் போடட்டுமாக்கா? நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அம்மா மாதிரி கேட்டுக்கிட்டாப் போதும்."

"போடு."

அடுத்த ஞாயிறு அவள் விடுப்பு எடுத்திருந்தாள். பத்து மணிக்கு மணி அடித்தது. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"அக்கா, உன்கிட்டயும் முழுசா சொல்லிடணும்னு..."

போனைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல், கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து வந்த குரல் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நொடி முள் நான்கைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது.

குனிந்து, "ம்," என்றாள்.