தட்டின முயல்

கம்பெனி திவாலானபோது ஏலத்தில் உலை பழைய இரும்பு விலைக்குப் போனது. கடைசல் இயந்திரங்கள் அதற்கும் கீழே போயின. கொள்ளை விலைக்குப் போனது முயல். அதாவது, பெட்டியின்மேல் அச்சடிக்கிற முயல் படம். வண்டியை நிறுத்துகிற பிரேக் டிரம்முக்கு ஓடுகிற பிராணியின் பெயரை எந்தப் புண்ணியவான் வைத்தாரோ, நாற்பது வருடமாக யாரும் கேட்கவில்லை. ஊரில் டிரம்முக்கே முயல் என்று பேராகிவிட்டது. “பின்னாடி ரெண்டு முயலும் போச்சு” என்று மெக்கானிக் சொன்னால் யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து தேட மாட்டார்கள்.

படம் விலை போயிற்று. முயல்காது விலை போகவில்லை.

முயல்காது ஓர் ஆளின் பட்டப்பெயர். அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு டிரம்மையும் கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டவர். நல்லதென்றால் ‘ணங்ங்’ என்று இழுக்கும். உள்ளே கீறல் இருந்தால் ‘டொக்’. டொக் திரும்ப உலைக்குப் போகும். இப்போது அவர் மச்சினனின் உதிரிபாகக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குடியிருப்பதும் மச்சினன் வீட்டு மாடியில்தான். வாய் தவறினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

படத்தை வாங்கினவர்களிடமிருந்து முதல் லோடு வந்து இறங்கியது. அதே பெட்டி, அதே முயல். கொஞ்சம் சதை போட்டிருந்தது.

“மாமா, நீங்க அந்தக் கம்பெனி ஆளுன்னு ஊருக்கே தெரியும். யாராவது கேட்டா, பழைய முயல்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“தட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் மாப்ளே.”

“தட்டிப் பாக்க இது என்ன தர்பூசணியா?”

முதலில் வந்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். “ரெண்டு முயல் குடுங்கண்ணே. பழைய முயல்தானே?”

மச்சினன் இருமினான். சளி இல்லாத இருமல். முயல்காது மச்சினனைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார். “ஆமாம்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கை அதற்குள் கவுன்டருக்கு அடியில் போய்ச் சுத்தியலை எடுத்துவிட்டது.

முதல் டிரம் ணங்ங். இரண்டாவது டொக்.

“தோல் பழைய முயல்தாம்மா. உள்ள யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. இது வேணாம்.” இன்னொன்றைத் தட்டினார். ணங்ங். “இதை எடுத்துக்க.”

அவள் போனதும் மச்சினன் நிதானமாகச் சொன்னான். “உங்க காதை நான் மாடியில சும்மாதான் குடி வெச்சிருக்கேன் மாமா. அதை ஞாபகம் வெச்சுக்கங்க.”

அன்று மாடியில் மனைவி சும்மா ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்ததைப் பார்த்து, “எங்க கிளம்பறே?” என்றார் முயல்காது.

மறுநாள் கடை திறக்குமுன் மூன்று மெக்கானிக்குகள் நின்றார்கள். “வேன்கார அக்காவுக்குக் குடுத்தீங்களே, தட்டின முயல், அது இருக்கா?”

மச்சினனின் முகம் ஒரே மூச்சில் மூன்று கியர் மாறியது. “இருக்காவா! மாமா, தட்டுங்க!” வாரக் கடைசிக்குள், தட்டுகிற யோசனையே தன்னுடையது என்று அவன் மனதார நம்ப ஆரம்பித்திருந்தான். டொக்குகள் பெட்டி பெட்டியாகத் திரும்பிப் போயின.

எதிர்க்கடைக்காரனும் ஒரு சுத்தியல் வாங்கினான். இதைவிடப் பெரியது. எல்லாவற்றையும் தட்டினான், எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஒரு மத்தியானம் சாலையைத் தாண்டி ஒரு டொக் வந்தது. எதிர்க்கடைக்காரன் தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினான்.

“மாமா, அது அவன் வியாபாரம். விடுங்க” என்றான் மச்சினன்.

முயல்காது அதற்குள் வாசலுக்கு வந்திருந்தார். “யோவ்! அது வேணாம்யா! வேற எடு!”

எதிர்க்கடைக்காரன் திகைத்தான். வாங்க வந்தவரைப் பார்த்தான். வேறொன்றை எடுத்துத் தட்டிவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான்.

குறுக்கே ஒரு பஸ் போனது. முயல்காது காதருகே கையைக் குவித்தார்.

“கேக்கல! இன்னொரு தடவ தட்டு!”