அறுக்காமல் விட்ட காதலர் தினம்

பொங்கல் முடிந்த கையோடு வேளாங்கண்ணிக்குப் போன பஞ்சநதம், திரும்பும்போது மனைவியை மறந்துவிட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் அவளுக்கென்று துண்டு போட்டு இடமெல்லாம் பிடித்துத்தான் வைத்தார். துண்டு பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது. வீட்டுச் சாவியைத் தேடியபோதுதான், சாவியும் அதை இடுப்பில் செருகியிருந்த வள்ளியம்மையும் வேளாங்கண்ணிக் கடைத்தெருவிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது.

வள்ளியம்மை அங்கிருந்தே முத்துப்பேட்டையிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. பூட்டை உடைத்து உள்ளே போய், இனி வருவாளா என்ற கவலையில் பஞ்சநதம் பொங்கிய சோற்றைக் கீழ்வேளூர்க் காக்கைகள் மோந்து பார்த்துவிட்டு நாகப்பட்டினம் பக்கம் குடிபெயர்ந்தன.

இதற்கிடையில் சம்பா அறுப்பு வந்துவிட்டது. மிஷின் ஓட்டும் பிரபுவை வரப்பிலேயே நிறுத்தினார்.

"நடுவுல உளைச்சேறு தம்பி. உள்ள எறக்குனா மிஷினை மறந்துடு. அடுத்த போகத்துக்குத்தான் மொளச்சு வரும். சுத்தி அறு."

பிரபு சுற்றி அறுத்தான். நடுவில் மிஞ்சி நின்ற நெல், பஞ்சநதத்துக்கு வெற்றிலை மாதிரி தெரிந்தது. பக்கத்து வயல் உளுந்துக்கு ட்ரோனில் மருந்தடிக்க வந்த தமிழரசனுக்கு, மேலேயிருந்து வேறு மாதிரி தெரிந்தது. படம் பிடித்து, 'மனைவிக்காக விவசாயி வளர்த்த இதயம்' என்று இணையத்தில் போட்டுவிட்டான்.

மறுநாள் பிப்ரவரி பதினாலு.

விடிந்தபோது வரப்பெல்லாம் ஜனம்! தஞ்சாவூர் ஜோடி, திருவாரூர் ஜோடி, நேற்றுக் கல்யாணமான ஜோடி, நாளைக்கு ஓடிப்போகவிருக்கும் ஜோடி. வயலில் மேயும் மடையான் கொக்குகள்கூட வெட்கப்பட்டு இரண்டிரண்டாக உட்கார்ந்தன. பலூன்காரர் வந்தார், பஞ்சுமிட்டாய் வந்தது. பேக்கரிக்கார நெய்னா முகம்மது களத்துமேட்டில் பந்தலே போட்டு, இதய வடிவில் கேக் அடுக்கிவிட்டார்.

"ரோமாபுரியில வாலண்டைன்னு ஒரு சாமியார், ராஜாவுக்குத் தெரியாம காதலர்களுக்குக் கல்யாணம் பண்ணிவெச்சாராம், தலையை வாங்கிட்டாங்களாம். ஊரெல்லாம் அப்படித்தான் கதை சொல்லுது," என்று அவர் கூவினார். "ஆனா அவருக்கு இந்த யோசனை எங்கேருந்து வந்துச்சு? நம்ம நாகப்பட்டினத்துக்கு மிளகு வாங்க வந்த கப்பல்காரன் சொல்லித்தான்! கேக் சூடா இருக்கு, வாங்க!"

"யோவ் நெய்னா, மிளகு நம்ம ஊர்லயா வெளயுது?" என்றார் பஞ்சநதம்.

"சும்மா இருங்க மச்சான். காதல்னு வந்துட்டா எல்லாம் வெளையும்."

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. வள்ளியம்மை இறங்கினாள்; கையிலிருந்த செல்போனில் தமிழரசன் போட்ட அதே படம். கூட்டம் மொத்தமும் செல்போனைத் தூக்கிப் பிடித்தது.

அவள் வயலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்காகவா விட்டு வெச்சீங்க?"

"ஆமான்னு சொல்லுங்க மச்சான்," என்று பின்னாலிருந்து நெய்னா முகம்மது கிள்ளினார்.

பஞ்சநதம் ஆமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வருஷா வருஷம் அந்த வயலில் நடவு நட்டவள் அவள்.

"உளை," என்றார். "மிஷின் எறங்காது."

கூட்டம் 'ச்சே' என்றது. ஒரு பலூன் தானாகவே வெடித்தது.

வள்ளியம்மை சிரித்துவிட்டாள். "அந்த உளையில மொழங்கால் வரைக்கும் பொதைஞ்சவ நானு. ஆமான்னு சொல்லியிருந்தா இதே ஆட்டோவுல திரும்பியிருப்பேன். அருவா எங்க? கையால அறுத்துப்புடுவோம்."

"அய்யோ தங்கச்சி!" நெய்னா முகம்மது ஓடிவந்தார். "கேக்கு பாக்கி இருக்கு! பொழுது சாயறவரைக்கும் விடும்மா!"

வள்ளியம்மை யோசித்தாள். பெரிய கேக்காக ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திருவாரூர்ப் பெண் ஒருத்தி, "நெஜமாவே உங்களுக்காகத்தான் வளத்தாராம்மா?" என்று கேட்டாள்.

"பின்னே?" என்றாள் வள்ளியம்மை, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல். "பொங்கல்லேருந்து சோறு தண்ணி இல்லாம ஒவ்வொரு பயிரா தடவிக்கொடுத்து வளத்திருக்காரு. கேக்கு வாங்கிக்கம்மா."

அன்று கேக் தீர்ந்து, நெய்னா முகம்மது கடையிலிருந்த வறுக்கி, பொறை, ஊசிப்போகவிருந்த பன் எல்லாமே இதய வடிவமாகி விற்றுத் தீர்ந்தன.

பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குக் கிளம்ப ஆட்டோ வந்தது. பஞ்சநதம் அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"நல்லா பாத்துச் சொல்லு. ஏறிட்டியா?"

"நான் ஏறி ஒக்காந்தாச்சு. நீங்கதான் இன்னும் ரோட்டுல நிக்கிறீங்க."