நின்ற வண்டியில் சமையல்

ரயிலின் சமையல் பெட்டியில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கால்களை அகட்டி வைத்து, இடுப்பை மேடை விளிம்பில் முட்டுக் கொடுத்து நின்றிருந்தாள். பாலத்துக்கு முந்தின வளைவு வரப்போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேச்சை நிறுத்தாமலே துணியால் பாத்திரத்தின் காதைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தாள். வண்டி சாய்ந்தது; தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வளைவு முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையாகவே கோணல்தான். நிமிஷத்துக்கு ஒரு தரம் வேறு பக்கமாகக் கோணும். அதில் நின்று ஒரு ரயில் ஜனத்துக்கே சமைத்துப் போடுகிறவளைக் கட்டியிருக்கிறோம் என்று அவள் புருஷனுக்கு உள்ளூரப் பெருமை. வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாள் என்பது அவன் வைத்திருந்த சாக்கு. அவனும் அதே வண்டியில்தான் வேலை பார்த்தான். அவள் சமைப்பதைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன். தண்டவாளச் சத்தத்தை மீறிக் கேட்கும் தொண்டை என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனை ஸ்பீக்கர் என்பார்கள். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு அவளுக்குத் தேநீரைத் தவிர வேலை இல்லை. ராத்திரிச் சாப்பாடு புறப்பட்ட ஊரிலேயே டப்பாக்களில் ஏறியிருந்தது. எங்கோ ஒரு பெரிய கூடத்தில் சமைத்து, அடைத்து, குளிர் அலமாரியில் அடுக்கி அனுப்பியிருந்தார்கள். சூடு காட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான். தட்டுகளைக்கூட இறக்கிவிட்டார்கள்.

"ஒரு மாசத்துக்குப் பரிசோதனைதான் அக்கா" என்றான் மேற்பார்வைப் பையன். வயதில் சின்னவன். எதற்கும் ஓகே ஓகே என்பதால் இவர்கள் அவனுக்கு ஓகே தம்பி என்று பேர் வைத்திருந்தார்கள். "பயணிங்க போன்ல நட்சத்திரம் குடுப்பாங்க. நிறைய நட்சத்திரம் விழுந்துச்சுன்னா..."

"விழுந்துச்சுன்னா?"

"அடுப்பைக் கழட்டிருவாங்க அக்கா."

"அடுப்பைக் கழட்டிட்டு என்னை எங்க மாட்டுவாங்க?"

ஓகே தம்பி டப்பாக்களை எண்ணப் போய்விட்டான். டப்பா கொடுக்க ஆள் வேண்டும். சமைக்க ஆள் வேண்டாம். புருஷனுக்கு வேலை இருக்கும், அவளுக்கு இருக்காது. மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

மத்தியானம் தாண்டி வண்டி நின்றது. முன்னால் போன சரக்கு வண்டி தடம் புரண்டு கிடப்பதாகச் செய்தி வந்தது. மேலே போகும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். விசிறிகள் நின்றன; குளிர் அலமாரியும் நின்றது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. வெயில் கூரையில் இறங்கி, பெட்டிக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது. குழந்தைகள் அழுது, ஓய்ந்து, மறுபடி அழுதன. கையில் கொண்டுவந்த பிஸ்கட்டெல்லாம் தீர்ந்துபோய், சாப்பாடு எப்போது என்று எல்லாரும் அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பொழுது சாய்ந்தபோது அவள் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சோற்றை இரண்டு விரலால் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் நூல் விட்டது. இன்னொன்றைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று. எல்லாம் ஒரே நாற்றம்.

"நல்லா சூடு பண்ணிட்டா ஓகேதானே அக்கா?" என்றான் ஓகே தம்பி. அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"கெட்டதைச் சூடு பண்ணா சூடான கெட்டது தம்பி. எங்க, நீ ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் ஊருக்குக் குடுக்கலாம்."

அவன் சாப்பிடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன் என்று வாசற்படிக்குப் போனான். சிக்னல் தேடி அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது உள்ளிருந்து தெரிந்தது.

புருஷன் அவள் பக்கத்தில் வந்தான். ஊர் கேட்கிற தொண்டையை அவன் அவ்வளவு தாழ்த்தி அவள் கேட்டதில்லை.

"இந்தா பாரு. நீ பேசாம இரு."

"ஏன்?"

"அவன் சொல்றான்ல, சூடு பண்ணு. நாம குடுத்துடுவோம். நாளைக்குக் காலையில நாலு பேரு வாந்தி எடுத்தா, டப்பாக் கதை அதோட முடிஞ்சுது. உன் அடுப்பு தப்பிச்சிடும். பழி நம்ம மேல வராது. நாம சமைக்கலையே."

அவள் அவனையே பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு போய்விட்டால் அவள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் சொன்னான்.

"வாந்தி எடுக்கப்போறது கம்பெனியா?" என்றாள். "ஜன்னலோரத்துல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருக்கு பாத்தீங்களா? சாயங்காலம் வந்து, அக்கா சோறு கொஞ்சம் குழைவா கிடைக்குமான்னு கேட்டுட்டுப் போச்சு. நான் கிடைக்கும்னு சொல்லியிருக்கேன்."

"அது உனக்கு வேலை குடுக்குமா?"

"வேலையே அதுதாங்க. அரிசி மூட்டையை இறக்குங்க."

அவன் இறக்கினான். போன பயணத்தில் மிஞ்சி, பணியாளர்களுக்கென்று வைத்திருந்த அரிசி மூட்டைகளும் பருப்பும் இருந்தன. காலை ஆம்லெட்டுக்கு வைத்திருந்த முட்டைகள், ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு. எரிவாயு இருந்தது. அவள் எல்லாவற்றையும் ஒரு தரம் கண்ணால் அளந்தாள். பிறகு அந்தப் பெட்டியில் யாரும் சும்மா நிற்கவில்லை. பரிமாறுகிறவர்களெல்லாம் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவினார்கள். ஓகே தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்காயம் உரித்தான். வெங்காயம்தான் காரணம் என்று அவனே இரண்டு தரம் சொன்னான்.

அவளுக்கோ வேறு கஷ்டம். பழக்கத்தில் பானையில் பாதிக்குத்தான் தண்ணீர் ஊற்றினாள். ஓடும் வண்டியில் அதற்கு மேல் ஊற்றினால் கால் வெந்துபோகும்.

"வண்டிதான் நிக்குதே, ரொப்பு" என்றான் புருஷன்.

"ஆமால்ல" என்று சிரித்து, கழுத்துவரை ஊற்றினாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. அரிசியைக் கிளறும்போதும் முட்டையை உடைத்து ஊற்றும்போதும் இல்லாத ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருந்தாள். "கால் ஆடலன்னா கை ஓட மாட்டேங்குதுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பூண்டு எண்ணெயில் சிவந்து வாசனை கிளம்பியதும் அடுத்த பெட்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். பசியில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த வாசனைக்கே பாதி அடங்கினார்கள். இவளைப்போல ஒருத்தி உண்டா என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

சோறு வடிந்தபோதுதான் தட்டு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

தான் சொன்ன பேச்சுக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்த புருஷனுக்கு அப்போது யோசனை பளிச்சென்று வந்தது. "டப்பா இருக்குல்ல! அதையே கொட்டிக் கழுவுவோம். கொதிக்கிற தண்ணியில சோப்புப் போட்டு அலசிட்டா புதுசு மாதிரி. மூடி போட்டு ஜம்முனு குடுக்கலாம். கெட்டுப்போன கதையே யாருக்கும் தெரிய வேணாம்."

"சூப்பர் அண்ணே, ஓகே!" என்று ஓகே தம்பிக்கு உயிர் வந்தது. "சொல்லிடாதீங்க அண்ணே. தெரிஞ்சா ஜனங்க வண்டியையே கவுத்துருவாங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று புருஷனுக்கு அப்போது தெரியவில்லை. கை சிவக்கச் சிவக்க அவனே நின்று அத்தனை டப்பாவையும் தேய்த்தான். அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, சிலவற்றைத் திருப்பி அவன்முன் தள்ளினாள். ஒரு பக்கம் சோறு, அதன்மேல் பருப்பு, ஓரத்தில் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, நடுவில் வெங்காயத்தோடு சுருட்டிய முட்டை. மூடியை அழுத்தி மூடினாள். கைக்குழந்தைக்காரிக்குக் குழைவாகத் தனியாக ஒன்று.

அவன் தொண்டையைத் திறந்துகொண்டு புறப்பட்டான். கொடுத்துக்கொண்டு போகப் போக, பின்னால் பேச்சு அடங்கி, மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பல் போன பெரியவர் ஒருவர் டப்பாவின் மூலையை விரலால் வழித்துக்கொண்டே, "டப்பா சாப்பாடுன்னதும் பயந்தேம்பா. இது வீட்டுச் சாப்பாடுல்ல. யாரு சமைச்சது?" என்றார்.

பெண்டாட்டி பேர் நாக்கு நுனிவரை வந்தது. தூரத்தில் ஓகே தம்பி கும்பிடாத குறையாக நின்றிருந்தான்.

"கம்பெனிங்க ஐயா" என்றான்.

கல்லூரிப் பெண் ஒருத்தி சாப்பிடுவதற்கு முன்னால் டப்பாவைப் படம் பிடித்தாள். கைக்குழந்தைக்காரி கண்ணால் சிரித்தாள். சிக்னல் கிடைத்ததும் நட்சத்திரங்கள் விழுந்தன. நிற்கிற வண்டியில், வெந்துபோன பெட்டியில், சுடச்சுட அப்படி ஒரு சாப்பாடு கிடைத்தால் யார்தான் கஞ்சத்தனம் பண்ணுவார்கள்? கடைசியில் பணியாளர்கள் பானையைச் சுரண்டி உருட்டிச் சாப்பிட்டார்கள். அவளுக்கு அடிப்பிடித்த பருப்புதான் மிஞ்சியது. "இதான் ருசி" என்று சொல்லிக்கொண்டு அவள் சாப்பிட்டாள். அப்போது வண்டி அசைந்து கிளம்பியது.

மாசம் முடிந்ததும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் கம்பெனி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். டப்பாச் சாப்பாட்டுக்கு மற்ற நாளெல்லாம் சுமாரான மதிப்புதான், ஆனால் ஒரே ஒரு பயணத்தில் வந்து குவிந்த நட்சத்திரத்தைப் பார்த்து மேலிடமே அசந்துவிட்டது என்றார். அடுப்பு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

"சார், அது இவ சமைச்சது சார்" என்றான் அவன். எழுந்தே நின்றுவிட்டான். "டப்பா கெட்டுப்போயிருந்துச்சு. நாத்தம் தாங்கல. கழுவிட்டு இவ சமைச்சுப் போட்டா. தம்பியைக் கேளுங்க."

மூலையில் நின்றிருந்த ஓகே தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கம்பெனி டப்பாவுல, அனுமதி இல்லாம, வேற சாப்பாடு போட்டு வித்தீங்கன்னு சொல்றீங்க. அதை நான் உண்மைன்னு எடுத்துக்கிட்டா அன்னைக்கு வண்டியில வேலை பாத்த அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பணும். எடுத்துக்கவா?"

அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து கிழங்கு சீவியவர்கள் ஒவ்வொருவராக அவன் கண்முன் வந்தார்கள். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வேணாங்க சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவன் சுவரில் சாய்ந்து அழுதான். "என் வாயாலதான் உன் வேலை போச்சு. அன்னைக்கே குடுத்துத் தொலைச்சிருக்கலாம்."

"குடுத்திருந்தா?" என்றாள். "அந்தக் குழந்தை மொகத்தை நெனச்சு ராத்திரி தூங்கியிருப்பீங்களா? தூங்க மாட்டீங்க. என்னையும் தூங்க விட்டிருக்க மாட்டீங்க, ஸ்பீக்கரு." தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணைத் துடைக்க ஆள் இல்லை. அதை அவளே பார்த்துக்கொண்டாள்.

அவள் இல்லாத முதல் பயணம். அடுப்பு இருந்த இடத்தில் குளிர் அலமாரிகள் நின்றன. டப்பாக்களுக்குப் புது மூடி வந்திருந்தது. பளபளவென்று ஒரு படம் அச்சடித்திருந்தார்கள்: சோறு, மேலே பருப்பு, ஓரத்தில் சிவந்த உருளைக்கிழங்கு, நடுவில் வெங்காயத்தோடு சுருட்டிய முட்டை. கல்லூரிப் பெண் எடுத்து, நட்சத்திரத்தோடு அனுப்பிய படம். கம்பெனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவன் ஒன்றை எடுத்து ஜன்னலோரத்தில் இருந்தவரிடம் நீட்டினான். அவர் மூடியைப் பிரித்து உள்ளே பார்த்தார். மூடியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே பார்த்தார்.

"ஏம்பா, இதுல இருக்கிற சாப்பாடு எங்க?"

"படம் ஒரு மாதிரிக்குத்தாங்க" என்று, சொல்லிக்கொடுத்திருந்தபடியே சொல்லிவிட்டு, அவன் அடுத்த டப்பாவை எடுத்தான்.