ஃபிரிட்ஜ் அறை

மற்ற நாடுகளில் கோப்புகளைக் கிடப்பில் போடுவார்களாம். எங்கள் தூனிசியாவில் ஆளையே போடுவோம். ‘ஃபிரிட்ஜில் வைப்பது’ என்று அதற்குப் பெயர். சம்பளம் வரும், நாற்காலி இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

என்னை வைத்தது ஒரு கோடையின் முடிவில். எங்கள் வட்டாரத் தண்ணீர் அலுவலகத்தில், எந்த ஊருக்கு எந்த லாரி என்று முடிவு செய்வது என் வேலை. மலையடிவாரக் கிராமத்துக்கு நான் அனுப்பிய லாரி, இயக்குநர் முன்திரின் ஒலிவத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கிராமத்தில் கிணற்றடிச் சேற்றை வடிகட்டிக் குடித்தார்கள். முன்திரிடம் நேரில் கேட்டேன். சிரித்தார். தலைநகரில் புகார் சொன்னேன். உடனே என்னைத் தாழ்வாரக் கோடிக்கு, கழிப்பறைக்கு அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். போன் இல்லை, கணினி இல்லை, ஹீட்டர் இல்லை.

காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் வரை உட்கார வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் அந்த அறையைத் தாண்டும்போது தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். கீழ்க்கடையிலிருந்து எல்லா மேசைக்கும் வரும் காப்பி எனக்கு மட்டும் வராது. முதலில் அழுதேன். அப்புறம் கொதித்தேன். குளிர்காலம் வந்தபோது எல்லாம் மரத்துப்போயிருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு சூரியகாந்தி விதை கொறிப்பேன். நல்லாயிருக்கியா என்று என் கணவர் கேட்டால், எதைச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

அதற்கடுத்த கோடையில்தான் தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். புகார் சொன்னதற்காக என்னைப் பழிவாங்கினார்களா என்று பார்க்க வந்தவர். பழிவாங்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால் புகாரும் மூடப்படும், தண்ணீர் தோப்புக்கே போகும், நான் ஓய்வு பெறும்வரை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அன்று காலை முன்திர் வாசலிலேயே நின்றார்.

“வாங்க ரவ்தா மேடம்! உங்க ரூமுக்கு ஒருவழியா வெள்ளையடிச்சு முடிச்சாச்சு. அதுக்குத்தானே கொஞ்ச நாள் அங்க உக்கார வச்சோம்?”

என் பழைய அறை. பெயிண்ட் வாசனை போகவில்லை. மேசையில் போன், கணினி, சுடச்சுடக் காப்பி, ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு. வெட்கம் கெட்ட மனுஷன், மல்லிகைச் செண்டு வேறு வைத்திருந்தார்.

அந்த லாரியை ஓட்டிய லம்ஜத் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

“ரவ்தாக்கா, என் வேலை நிரந்தரம் இல்ல. மூணு பிள்ளைங்க. கோவிச்சுக்காதீங்க.”

“என்னடா சொல்லப் போற?”

“அந்த அதிகாரிகிட்ட சொல்லிட்டேன்கா. லாரி கிராமத்துக்குத்தான் போச்சுன்னு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விசாரணை அதிகாரி கல்ஸூம் களைத்துப்போன பெண்மணி. என் எதிரே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். முன்திர் கதவோரம் கைகட்டி நின்றார்.

“மேசை இருக்கு, போன் இருக்கு, இனிப்பு கூட இருக்கு. எங்க ஆபீஸ்ல எனக்கே இதெல்லாம் இல்லம்மா. உங்களுக்கு என்ன குறை?”

இந்தக் கேள்விக்கான பதிலை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் செய்ததெல்லாம், இனிப்புத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியதுதான். அவர் பேனாவை மூடப் போனார்.

அப்போது போன் அடித்தது. நான் வேலையில் மூழ்கியிருப்பதாகக் காட்ட முன்திர் செய்த ஏற்பாடு. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

அடித்தது. நான் வாசலைப் பார்த்தேன். மறுபடி அடித்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எடுக்கலையா?” என்றார் கல்ஸூம்.

“என்னோடது இல்லையே.”

“உங்க மேசை மேலதானே இருக்கு?”

“யாராவது வந்து எடுப்பாங்க.”

நாடகம் ஆடவில்லை. எனக்கு யார் போன் செய்யப்போகிறார்கள்?

முன்திர் சிரித்தபடி பாய்ந்து வந்தார். “மேடத்துக்கு எப்பவும் விளையாட்டுத்தான்!”

“தொடாதீங்க சார்” என்றார் கல்ஸூம். அது அடித்து ஓயும்வரை என் முகத்தையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். “நீங்க தினமும் உக்கார்ற இடத்தைக் காட்டுங்கம்மா.”

தாழ்வாரக் கோடிக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியில் என் சால்வை, மேசையில் விதைத்தோல் நிறைந்த டப்பா. முழங்கை பட்டுப் பட்டு மேசை விளிம்பு பளபளத்திருந்தது. கல்ஸூம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

“அந்த டிரைவரை இங்க வரச் சொல்லுங்க.”

லம்ஜத் வந்தான். அந்த அறைக்குள் நிற்கவே அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

முன்திரைத் தலைநகருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கும் ஒரு ஃபிரிட்ஜ் கொடுத்திருப்பதாகக் கேள்வி. எங்களுக்குத் தண்டனை என்றால் அது ஒன்றுதான் தெரியும். கேட்டபோது எனக்கு இனிக்கவில்லை, கசக்கவுமில்லை.

புதிய இயக்குநர் ஒருநாள் அந்தத் தாழ்வாரக் கோடி அறைச் சாவியை என் கையில் வைத்தார்.

“உங்களுக்கு எதிரா பொய் சொன்னானே அந்த லம்ஜத், கொஞ்ச நாள் அங்க உக்காந்து யோசிக்கட்டுமே மேடம்?”

சத்தியமாகச் சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு எனக்குள் எழுந்த முதல் ஆசை அது. லம்ஜத் தாழ்வாரத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

“கொல்லையில பழைய மீட்டரெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு சார். அதைப் போடுவோம் அதுல” என்றேன்.

லம்ஜத்தான் சுமந்தான். தரையிலிருந்து கூரைவரை அடுக்கச் சொன்னேன், ஒரு முக்காலி கூட நுழைய முடியாதபடி.

“அக்கா, அல்லா உங்களுக்கு...”

“பேசாம மீட்டரைத் தூக்குடா.”

இதை மன்னிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இப்போது என் மேசையில் போன் ஓயாமல் அடிக்கிறது. லாரி எங்கே என்று கிராமத்திலிருந்து கேட்கிறார்கள். முதலில் வாசலைத்தான் பார்க்கிறேன். யாரும் வராததால் நானே எடுக்கிறேன்.