இரண்டாவது ‘சாவி எங்கே’

‘சாவி எங்கே’ என்ற பேரை முதலில் வைத்தது நான்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாட்டை இணையத்தில் ஏற்றிச் சில மாதம் கழித்துத்தான் அந்தப் பிரபல பாடகி புது ஆல்பம் வெளியிட்டார். ஆல்பத்தின் பேர் ‘சாவி எங்கே’. அதில் முதல் பாட்டின் பேரும் ‘சாவி எங்கே’. அன்றிலிருந்து காய்கறிக் கடை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, பக்கத்து வீட்டுக் குளியலறை என்று எங்கே போனாலும் அதுதான். என் பாட்டைத் தேடி யாராவது கிளம்பினால் அவருடைய ஆல்பம், அதற்கு ஆடியவர்கள், அந்த ஆட்டத்தைக் கிண்டல் செய்தவர்கள் என்று அத்தனை பேரையும் விரல் தேயத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அடியில் எங்கேயோ நான் கிடப்பேன். இந்த லட்சணத்தில், “பேரைக்கூடச் சொந்தமா யோசிக்க மாட்டியாப்பா?” என்று என்னையே கேட்ட புண்ணியவான்களும் உண்டு.

எனக்கு வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. லிஃப்ட் குழிக்குள் பாடிப் பார்த்தால் என் குரல் எனக்கே பிடித்துப்போகும். அங்கே பிறந்ததுதான் இந்தப் பாட்டு. வேலை முடிந்து வந்த ஒருத்தன் விளக்கில்லாத நடையில், பூட்டிய வீட்டு முன்னால் நின்று சாவியைத் தேடுகிறான். முதல் சரணம் முழுக்கத் தேடல்தான். சட்டைப் பை, கால்சட்டைப் பை, மதியச் சாப்பாட்டு டப்பா, செருப்புக்கு அடியில்கூட. இரண்டாவது சரணத்தில்தான் கிடைக்கிறது. காலையில் அவசரமாகப் பூட்டியவன், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாள் முழுக்க யார் வேண்டுமானாலும் திறந்து வந்திருக்கலாம், ஒருத்தரும் வரவில்லை.

சரி, இதைக் கேட்டவர்கள் யார்? அக்கா, சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா, அவர்கள் பெற்றது எல்லாம். “சூப்பர்டா!” என்றார்கள். நான் தும்மினாலும் சூப்பர் என்கிற கூட்டம் அது. எனக்கு அலுத்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு மட்டும் பாடுவதற்குப் பேர் பாட்டு இல்லை, வீட்டு விசேஷம்.

இந்த நிலையில்தான் வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மதியம் அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி, ‘ஒரே பேர், ரெண்டு பாட்டு’. ஒரே தலைப்புள்ள இரண்டு பாட்டுகளில் முதல் சரணம் வரைக்கும் போடுவார்கள். அப்புறம் நேயர்கள் ஃபோன் செய்து எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு எண்ணுக்கு ஒரு ஓட்டு. ஜெயித்த பாட்டு முழுசாக ஒலிக்கும். தோற்றது அந்த முதல் சரணத்தோடு சரி. அறிவிப்பாளர் அம்மாள் பாடகியின் பாட்டைத் தேடப்போய், விடாமல் தள்ளித் தள்ளி என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். “உங்க பாட்டை மோதவிடலாமா?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். முகம் தெரியாத ஜனங்கள் இந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்க ஆசைப்பட்டால் தொடர்ந்து எழுதுவேன். இல்லையென்றால் கிதாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு லிஃப்டோடு குடும்பம் நடத்துவேன். வீம்புக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன். “சொந்தக்காரங்க ஒருத்தரும் ஃபோன் பண்ணக் கூடாது. உன் பார்லருக்கு வர்றவங்ககிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“ஏன்டா, நாங்க கேட்டா காது கேக்காதா?”

“நீங்க போட்டு ஜெயிச்சா அது ஜெயிச்ச மாதிரியே இல்லக்கா.”

“சரி சரி, பண்ணல” என்றாள். அக்கா அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் பார்த்து ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவரை மீட்டு, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு வேனில் ஏறி வானொலியைத் திருகினால், என் முதல் சரணம் முடிகிற இடம். வானொலியில் என் குரல்! சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு ஸ்டியரிங்கைத் தட்டினேன். பக்கத்துக் காரில் இருந்தவர் நான் பைத்தியம் என்று முடிவுகட்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அறிவிப்பாளர் பேசினார். “நேயர்களே, முதல் பாட்டா, ரெண்டாவது பாட்டான்னு தெளிவா சொல்லுங்க. வெறுமனே ‘சாவி எங்கே’ன்னு சொன்னா அது முதல் பாட்டுக் கணக்குலதான் சேரும். ஊருக்கே தெரிஞ்சது அதுதானே!”

நியாயம்தான் என்று நினைத்தேன். முதல் அழைப்பு வந்தது.

“வணக்கம், சொல்லுங்க!”

“சாவி எங்கே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா! அந்தத் தொண்டையை மைக் இல்லாமலே அடுத்த தெருவில் கேட்கலாம்.

“எந்த ‘சாவி எங்கே’ சார்?”

“சாவி எங்கே” என்றார் சித்தப்பா மறுபடியும், போலீஸ் விசாரணையில் இருப்பவர் மாதிரி.

“சரிங்க சார், முதல் பாட்டுக்கு ஒண்ணு!”

அடுத்தது அத்தை. “சாவி எங்கே.”

“வேற எதுவும் சொல்ல மாட்டீங்களா அம்மா?”

“சொல்லக் கூடாதுன்னு...” என்று ஆரம்பித்த அத்தை சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

“முதல் பாட்டுக்கு இன்னொண்ணு! பின்னி எடுக்கறாங்கப்பா!”

எனக்கு எந்தக் கோபத்தை முதலில் படுவது என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் ஃபோன் செய்தார்களே என்பது ஒன்று. செய்ததுதான் செய்தார்கள், எதிராளிக்கா போட வேண்டும்? வேனைக் கோணல்மாணலாக நிறுத்திவிட்டு அக்காவின் பார்லருக்குள் ஓடினேன்.

அக்கா ஒரு கையில் டிரையரும் மறு கையில் சீப்புமாக, ஒரு பெண்ணின் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். டிரையர் போடுகிற இரைச்சலில் வானொலி பாவம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் நடுத்தர வயது அம்மாள் ஒருவர், சாயம் பூசித் தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு, வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக் குனிந்து காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவைத் துண்டு காயப்போடும் பின்னறைக்கு இழுத்துப் போனேன்.

“எத்தனை பேருக்குச் சொன்ன?”

“என்னத்தை?”

“அக்கா!”

“எல்லாருக்கும்தான்” என்றாள் தலையை நிமிர்த்தி. “பின்னே? என் தம்பி தோக்கறதைப் பாத்துக்கிட்டு சும்மா இருப்பேனா? ஆனா பக்காவா சொல்லிட்டேன்டா. போன வாரம் இதே நிகழ்ச்சியில ஒரு அம்மா ‘பாடினது என் மருமகன்’னு உளறி அந்த ஓட்டையே எடுத்துட்டாங்க. அதனால ‘வாயைத் தொறந்து தம்பி, மச்சான்னு ஒண்ணும் சொல்லாதீங்க. பாட்டுப் பேரை மட்டும் சொல்லுங்க, வைங்க’ன்னு ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுத்திருக்கேன்.”

“பாட்டுப் பேர் என்ன?”

“சாவி எங்...” என்றவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

விதியைச் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ, டிரையர் சத்தத்துல அது காதுல விழலியேடா!”

“நீயும் போட்டியா?”

“நான்தான் முதல் ஆளு. என்னை ரேடியோல விடல. உள்ள இருந்து ஒரு பொண்ணு கேட்டு எழுதிக்கிச்சு.”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் குடும்பமாகச் சேர்ந்து செய்திருக்கிறார்கள். ஒரு எண்ணுக்கு ஒரு ஓட்டு, திருத்தவும் வழியில்லை. எங்கள் பரம்பரை மொத்தமும் அந்தப் பாடகிக்குத் தொண்டர் படையாகிவிட்டது. நான் அழுதிருப்பேன், அக்கா எனக்கு முன்னால் அழ ஆரம்பித்துவிட்டதால் முடியவில்லை.

“விடுக்கா. ரேடியோவை அணைச்சுடு. நான் கிளம்பறேன்.”

முன்னறைக்கு வந்தேன். பெட்டியை அணைக்கலாம் என்றால் அது வெள்ளித்தாள் அம்மாளின் மடியில் இருக்கிறது. அவர் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, ரெண்டாவது பாட்டு. ரெண்டாவதுதான், மாத்தி எழுதிடாதீங்க. பாடினது யாருன்னு தெரியாதும்மா. ஆனா அந்த மனுஷனுக்குச் சாவி கிடைச்சுதா இல்லியா? அது தெரியாம நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவின் காதைக் கடித்தேன். “யாரு இவங்க?”

“இன்னிக்குத்தான் முதல் தடவை வர்றாங்க. சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலடா.”

கிளம்புவதாவது! சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை ஜெயித்தால் நல்லது என்றிருந்தவனுக்கு இப்போது ஜெயித்தே ஆக வேண்டும் என்று வெறி பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் இரண்டாவது சரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

டிரையரை அக்கா அணைத்துவிட்டாள். பாதி ஈரத்தலையோடு இருந்த பெண்கூட மறுத்துப் பேசவில்லை. வானொலியில் வரிசையாக அழைப்புகள். ஒரு சின்னப் பெண், “முதல் பாட்டு, ஐ லவ் இட்!” என்றாள். அடுத்தது எங்கள் மாமா. “சாவி எங்கே.” நான் பல்லைக் கடித்தேன். அதற்கடுத்து ஒரு கனத்த குரல்.

“ரெண்டாவது. நான் கிரேன் ஓட்டறவன்மா, மேலேயிருந்து பேசறேன். செருப்புக்கு அடியில தேடறான் பாருங்க, அது நானேதான்.”

அறிவிப்பாளர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலை முடிந்து திரும்பும் நர்ஸ் ஒருத்தி, பேருந்திலிருந்து: “ரெண்டாவது. சாவி உள்ளதான் மாட்டிக்கிச்சா? எனக்கு அப்படித்தான் தோணுது.” ஒரு மாணவன்: “இல்லீங்க, அவன் வீடு மாறி வந்துட்டான். ரெண்டாவது போடுங்க, பாத்துடலாம்.” ஆளாளுக்கு ஒரு யோசனை! நான் லிஃப்ட் குழிக்குள் தனியாக உட்கார்ந்து தேடிய சாவியை முன்பின் தெரியாத ஒரு கூட்டமே சேர்ந்து தேடியது. நடு நடுவே எங்கள் ஆட்களும் விடவில்லை. சித்தி, மாமாவின் பெரிய பையன், அவன் பெண்டாட்டி என்று “சாவி எங்கே”, “சாவி எங்கே” என்று ஒருவர் பின் ஒருவராக வந்து என் தலையில் மண்ணை வாரிப் போட்டார்கள்.

“ஏறிக்கிட்டு வருது, ரெண்டாவது பாட்டு ஏறிக்கிட்டு வருது” என்றார் அறிவிப்பாளர். அவர் குரலிலும் பதற்றம். “இப்ப ரெண்டும் சமம்!”

அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வெள்ளித்தாள் அம்மாள் ஈரத்தலைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “நீ போட்டியாம்மா?”

“இல்லீங்க, எனக்கு அந்தப் பாடகியைத்தான் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். அது உனக்கு முழுசா மனப்பாடம்தானே? இதுல சாவி எங்கேன்னு உனக்குத் தெரியுமா?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் ஃபோனை எடுத்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பார்க்காவிட்டால் எழுந்து போய் அவள் காலில் விழுந்திருப்பேன்.

“நேரம் முடிஞ்சுது!” என்றார் அறிவிப்பாளர். “வெறும் தலைப்பை மட்டும் சொல்லிட்டு ஃபோனை வெச்ச முதல் பாட்டு ரசிகர்களுக்கு என் வணக்கம். இப்படிக் கட்டுப்பாடான ரசிகர்களை நான் பார்த்ததே இல்லை. ஆனா, நேயர்களே, இன்னிக்கு முழுசா ஒலிக்கப் போறது...” என்று இழுத்தார். இழுக்கிற நேரமா அது! “ரெண்டாவது பாட்டு!”

அக்கா போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சீப்பைத் தூக்கி எறிந்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், ஈரத்தலைப் பெண்ணையும் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. எங்கள் வீட்டு ஓட்டு ஒன்றுகூட இதில் இல்லை. மொத்தக் குடும்பமும் எனக்கு எதிராகப் போட்டும் நான் ஜெயித்திருக்கிறேன். சந்தோஷத்தில் அழுகை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மூக்கும் ஒழுகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே நேரம் என் ஃபோனும் ஆரம்பித்தது. சித்தப்பா.

“டேய்! பாத்தியா! நான்தான் முதல்ல பிள்ளையார் சுழி போட்டேன்! என் குரல் கேட்டுச்சா? நாங்க எல்லாம் இறங்கி வேலை செய்யலைன்னா நீ ஜெயிச்சிருப்பியா?”

“அது வந்து சித்தப்பா...” என்று சிரிப்பும் அழுகையுமாக ஆரம்பித்தேன்.

“தம்பி!” வெள்ளித்தாள் அம்மாள் என்னை முறைத்தார். மடியிலிருந்த பெட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார், என் பேச்சு அதில் பட்டுவிடும் என்பது மாதிரி. “எதுவானாலும் வெளியே போய்ப் பேசுங்க. எவ்வளவு நேரமா இந்தப் பாட்டுக்குக் காத்திருக்கேன் தெரியுமா? குறுக்கால வந்து தொணதொணன்னு!”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். “மன்னிச்சுக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். அப்படிப்பட்ட திட்டு என் வாழ்நாளில் வாங்கியதில்லை. சித்தப்பா காதுக்குள் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார்.

“என்னடா சத்தமே காணோம்? லைன்ல இருக்கியா? டேய்!”

“இருக்கேன் சித்தப்பா. கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள ஒருத்தங்க என் பாட்டைக் கேட்டுக்கிட்டிருக்காங்க.”