‘நீ’ என்று பாடிய வேல்ஸ்காரர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் போகும் டி-பானே என்ற மெட்ரோ ரயிலில். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம், “அவையள் ‘நீ’ எண்டு பாடுறது நீயில்லையாமடி!” என்றாள். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது. அந்த ஒரு வரிதான் அவளுடையது, மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘ஒஸ்லோவின் அந்த இருண்ட மேடையில், டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பிணம்—’

வேண்டாம். பழக்கதோஷம். இதில் சாகக் கிடப்பது ஓர் இசைக்குழு மட்டுமே.

2

குழுவின் பெயர் ‘தே ஓலாவ்’. வேல்ஸ் மொழியில் ‘கடைசித் தேநீர்’ என்று அர்த்தம். (ஓலாவ் என்று யாரோ உள்ளூர்ப் பாடகர் என நினைத்து நோர்வேக்காரர்கள் டிக்கெட் வாங்குவதுண்டு. குழு அதைத் திருத்துவதில்லை.) ஒரு சுரங்க ஊரில் பள்ளித் தோழர்கள் மூவர் தொடங்கியது. தாய்மொழியில் பாடினார்கள், ஊரே ஆடியது. லண்டன் போய் ஆங்கிலத்தில் ஆல்பம் போட்டார்கள், அவர்களுடைய அம்மாக்கள் வாங்கினார்கள். திரும்பித் தாய்மொழிக்கு வந்ததும் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதை வைத்தே ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். போன மாதம் டிரம்மர் கழன்றுகொண்டான். மிஞ்சியவர்கள் பாடகி குவெனும் கிட்டார் ஹவெலும். அவர்களுக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்து பெர்கன் நகரில் இருந்த கச்சேரியையும் விட்டுவிட்டு, ஒஸ்லோவோடு கடையைக் கட்டுவதாகத் திட்டம்.

அந்த ஓர் இரவுக்கு டிரம்ஸ் அடிக்க வந்தவள்தான் மிதுனா. [முதல் படியில் இவள் ஒரு பையன். அவன் தாளத்தைவிடத் தலைமுடியையே கவனித்தான், தூக்கிவிட்டேன்.] ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் மருந்துக்கடை வேலை. இந்த ஓர் இரவு பெர்கன்வரை, அதற்கப்பாலும் நீளாதா என்பதுதான் அவள் ஏக்கம்.

3

“அக்கா, உனக்கு அவையின்ரை பாஷை தெரியுமே?” தங்கை மயூரா மேடைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“கேட்டுப் பாடமாக்கினனான். கோரஸ் சுகம். நீ, நீ, நீ. காதல் பாட்டடி.”

“காதலெண்டா ஏன் ரெண்டு பேரும் மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு நிக்கினம்?”

“வாயை மூடடி, கேக்கப் போகுது.”

கடைசிப் பாட்டு, ஐரோப்பாவைச் சுற்றவைத்த அந்தப் பாட்டேதான். முதல் ‘நீ’க்கு மிதுனா குச்சியைக் குவென் பக்கம் நீட்டினாள். அடுத்த ‘நீ’க்கு ஹவெல் பக்கம். அவன் திடுக்கிட்டான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கிட்டாரின் கழுத்தைக் குவென் பக்கம் திருப்பினான். குவென் விரலால் அவனைச் சுட்டினாள். அரங்கமே ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டு பாடியது. (இந்த இடத்தில் மின்சாரம் போகவேண்டும் என்று என் கை துடித்தது. போகவில்லை.)

4

திரைக்குப் பின்னால் குவென் மூச்சுவாங்க ஆங்கிலத்தில் கேட்டாள்: “ஏன் எல்லாரையும் குத்த வந்தாய்?”

“நீ என்றால் நீதானே? எங்கள் தமிழில்.”

“எங்களுக்கு அது ‘நாங்கள்’!”

மிதுனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மயூராவோ விழுந்து விழுந்து சிரித்தாள். “நாங்கள், நாங்கள் எண்டு பாடின சனத்தை, நீதான், நீதான் எண்டு மாட்டிவிட்டிட்டியே அக்கா!”

ஹவெலும் சிரித்தான். ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தவன் குவெனிடம் வாய் திறந்தான்: “பெர்கன்?”

குவென் தன் மொழியில் பதில் சொன்னாள். அதில் அந்த ‘நீ’ இருந்தது. பைக்குள் வைக்கப்போன குச்சிகளை மிதுனா கையிலேயே வைத்துக்கொண்டாள்.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். குவெனுக்கு ஒரே சொல். தமிழில் இரண்டு. ‘நாம் போகிறோம்’ என்று எழுதினால் மிதுனா நாளைக்கே விடுப்புக் கேட்கவேண்டும். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவள் நன்றி சொல்லிவிட்டு லில்லெஸ்ட்ரோம் ரயிலைப் பிடிக்கவேண்டும். (அவளைக் கேட்டும் பயனில்லை. வீட்டில் அவர்கள் இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்பார்கள்.) இரண்டையும் விட்டு வெறும் ‘போகிறோம்’ என்று எழுதித் தப்பிக்கலாம். அது கள்ளாட்டம்.

ஆகவே, குவென் சொன்னது இதுதான்:

“நா______ பெர்கன் போகிறோம்.”

பேனாவை எடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மிதுனா குச்சிகளை இன்னும் பைக்குள் வைக்கவில்லை.