கிழங்கு மூடும் வரை பால்

போத்தலில் மிஞ்சியிருந்த பாலை ஊற்றுவதா, எடுத்து வைப்பதா என்று தெரியாமல் இராசமலர் சட்டிக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் கடிதம் அம்மிக்குழவியின் கீழே செருகியிருந்தது. 'கிழங்கு மூடும் வரை பால் விடுங்கோ, அக்கா' என்று எழுதியிருந்தான். பாரிஸில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவப் போய், இப்போது சமையலுக்கு ஏறியிருக்கிறான். ஊரில் இருந்தவரை தேநீர்கூடப் போட்டறியாத குகதாசன் இந்த உருளைக்கிழங்குச் சமையலுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். தாள் மாதிரி மெல்லிசாய் வெட்ட வேண்டுமாம், வெட்டிய பிறகு கழுவக் கூடாதாம். சட்டிக்கு உள்ளிப்பூண்டு தேய்த்து, சாதிக்காய் கொஞ்சம் சுரண்டிப் போட வேண்டுமாம்.

அம்மா பராசக்தி நாலு நாளாகக் கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றுத்தான் வாய் திறந்து கேட்டாள்.

"அவன் அங்கை சமைக்கிற கிழங்கு, எனக்கும் ஒருக்காச் செய்து தாவன்."

போரில் பாதை பூட்டியதிலிருந்து உடுப்பிட்டியில் பால்மாவைக் கண்டவர் இல்லை. விடிய எழும்பி, மார்க்கண்டு வீட்டு ஆட்டடியில் காத்து நின்று வாங்கிய ஒரு போத்தல் பால் இது. குட்டிக்கு விட்டது போக அவ்வளவுதான் கிடைத்தது.

ஒரு கரண்டி எடுத்து வைக்கலாம் என்று நினைத்தாள். எதற்கு என்று மனம் கேட்டது. சாகிறவரின் வாயில் விடுவதற்கு என்று பதில் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. கடைசிச் சொட்டுவரை ஊற்றி, உப்புப் போட்டு மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினாள். அம்மா சாப்பிடுவாள், எழும்புவாள்.

"மலர், ஓடி வா பிள்ளை."

பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து மாமிதான் கூப்பிட்டாள். இராசமலர் போனபோது அம்மாவின் தலை மாமியின் மடியில் கிடந்தது. மூச்சு தொண்டைக்குழியில் வந்து நின்றது.

"பாலைக் கொண்டு வா. மகன் விட வேண்டியது. என்ன செய்யிறது, நீ விடு."

"பால் இல்லை மாமி."

"காலமை வாங்கினனியெல்லே?"

அவள் குசினிக்கு ஓடினாள். தணலைக் கையாலேயே தட்டிவிட்டாள், சுட்டது தெரியவில்லை. பால் ஓரத்தில் மட்டும் நுரைத்திருந்தது, கிழங்கு இன்னும் பச்சையாகவே கிடந்தது. ஒரு கரண்டி அள்ளி, அம்மாவுக்கு வாய் சுட்டுவிடும் என்று ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு வந்தாள்.

"இது தம்பியின்ரை கிழங்கம்மா. வாயைத் திறவுங்கோ."

உதடு சற்றே பிரிந்தது. பாலை விட்டுவிட்டு அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. பால் கடைவாயால் திரும்பி வழிந்தது.

மாமி சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன பிள்ளை, உள்ளி மணக்குது."

"ஓம் மாமி."

மாமி அம்மாவின் கண்களை மூடிவிட்டாள்.

"போய் நெருப்பை அணை. பிரேதம் போகுமட்டும் இந்த வீட்டிலை அடுப்பு எரியக் கூடாது."

இராசமலர் தணலுக்குத் தண்ணீர் தெளித்தாள். புகை அடங்கியதும் சட்டியைப் பார்த்தாள். ஒரு கரண்டிப் பால் குறைந்ததில் இரண்டு கிழங்குத் துண்டுகள் வெளியே தெரிந்தன. விரலால் அவற்றை அமுக்கிவிட்டாள். மறுபடியும் மேலே வந்தன.